நாலு அலுமினிய ஸ்க்ரூ

ஏலக்காய் வாசனையும் அலுமினியத் தூள் வாசனையும் கலந்தா எப்படி இருக்கும்னு உங்கள்ல யாருக்காவது தெரியுமா? எனக்குத் தெரியும்...

பெரிய மார்க்கெட்ல எங்க அத்தாவோட மசாலா கடை. அங்க இருந்த எலக்ட்ரானிக் தராசுலதான் நானும் என் கூட்டாளி இளங்கோவும் எங்க வண்டிய எடை போடுவோம். "டேய் நாசரு, ஏலக்காயில இரும்புத்தூள் கெடந்தா எவன்டா வாங்குவான்?"னு அத்தா கத்துவாரு. அலுமினியம் அத்தான்னு திருத்துவேன். அதுக்கும் திட்டு விழும்.

வண்டின்னா ரிமோட் கண்ட்ரோல் ட்ரக். பொம்மைன்னு சொன்னா இளங்கோவுக்குக் கோவம் வந்துடும். முழங்கை நீளம்தான், ஆனா மண்ணு மேட்டுல ஏறிப் பறந்து இறங்குற ரேஸ் வண்டி. ரெண்டு பேரும் சேந்து செகண்ட் ஹேண்ட்ல வாங்கினோம். கையில தூக்கினா செங்கல்லு மாதிரி கனம்.

நான் அப்ப உழவர்கரையில ஒரு சின்ன கம்பெனியில டிரில்லிங் மெஷின்ல நிக்கிறேன். இளங்கோ ஏசி மெக்கானிக். இப்பவும் அதான்.

எடை குறைக்கறது என் வேலை, ட்யூனிங் அவன் வேலை. நான் அடித்தகட்டுல ஓட்டை ஓட்டையா போடுவேன், மேல் பாடியில தேவையில்லாத பிளாஸ்டிக்க கத்திரியால வெட்டுவேன், நீளமா இருக்கற ஒயர குறைப்பேன். ஸ்டிக்கர கூட உரிச்சிட்டேன்னா பாத்துக்குங்க.

அவன் சமாச்சாரமே வேற. ஷாக் அப்சார்பர்ல ஊத்துற ஆயில் கெட்டியா இருந்தா வண்டி துள்ளும்... தண்ணியா இருந்தா இறங்கறப்ப அடி தட்டும். நடுவுல ஒரு பதம் இருக்கு. அத உள்ளங்கையால வண்டிய அமுக்கி அமுக்கி, கண்ண மூடிக்கினு கண்டுபிடிப்பான். அந்தக் கை எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது.

எனக்கு அவன் போட்ட கண்டிஷன் ஒண்ணே ஒண்ணு.

"பின்னாடி சஸ்பென்ஷன புடிச்சிருக்கற நாலு ஸ்க்ரூ மட்டும் ஸ்டீல்லயே இருக்கட்டும் மச்சான், இறங்கற அடி முழுக்க அதுலதான் விழும். மத்தத என்ன வேணா பண்ணிக்கோ."

சரின்னேன்.

கனகசெட்டிக்குளம் பக்கத்துல ஒரு காலி மனையில மண்ணு கொட்டி ட்ராக் போட்டிருந்தாங்க. ஞாயித்துக்கிழமை காலையில ரேஸ். மெட்ராஸ்ல இந்த வண்டிங்களுக்குன்னே கடை வச்சிருந்த ஒருத்தர் வர்றதா இருந்துச்சு. அவருக்கு ட்யூனிங் பண்ண ஆள் வேணும். "வண்டி எப்படி ஓடுதுன்னு பாத்துட்டு சொல்றேன் தம்பி"ன்னு இளங்கோகிட்ட போன்ல சொல்லியிருந்தாரு. அன்னிக்கு அவன் அயர்ன் பண்ண சட்டை போட்டுக்கினு வந்தான். அவனை அப்படி நான் கல்யாண வீட்டுல கூட பாத்ததில்ல.

கிளம்பறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவ தராசுல வச்சேன்.

2001 கிராம்.

ரெண்டு கிலோவுக்குக் கீழ கொண்டாந்து காட்டுறேன்னு பசங்ககிட்ட மாசக்கணக்கா சவால் விட்டிருந்தேன். ஒரே ஒரு கிராம் ஜாஸ்தி... இளங்கோ டிபன் வாங்கப் போயிருந்தான். பாக்கெட்ல அலுமினிய ஸ்க்ரூ இருந்துச்சு. அந்த நாலையும் கழட்டிட்டு மாத்தினேன்.

1999. போன்ல போட்டோ வேற எடுத்துக்கினேன். அவ்ளோ பெருமை எனக்கு.

ரேஸ்ல நம்ம வண்டிதான் ஃபர்ஸ்ட்ல போயிக்கினு இருந்துச்சு. கடைசி ரவுண்டு, பெரிய மேடு. அழகா பறந்துச்சு, இறங்குச்சு, டப்புனு ஒரு சத்தம். பின் சக்கரம் மடங்கி, வண்டி மூணு குட்டிக்கரணம் போட்டு நின்னுச்சு.

முதல்ல ஓடினது நான்தான். மண்ணுல ரெண்டு ஸ்க்ரூ தலை உடைஞ்சு கிடந்துச்சு. எடுத்து பாக்கெட்ல போட்டுக்கினேன்.

பின்னாடியே இளங்கோ வந்தான். அன்னிக்கு ட்ராக்க பாத்துட்டு ஷாக் அப்சார்பர்ல கொஞ்சம் தண்ணியான ஆயிலா மாத்தி ஊத்தியிருந்தான்.

"தண்ணியா ஊத்திட்டேன்டா... அடி தட்டி உடைஞ்சிடுச்சு. என் தப்புதான் மச்சான்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"விடு மச்சான், பரவால்ல."

ஏதோ நான் அவனை மன்னிச்ச மாதிரி. இப்ப நெனச்சாலும் கூசுது.

மெட்ராஸ்காரர் நின்னு கூட பேசல. கார்ல ஏறிட்டாரு. உடைஞ்ச வண்டிய நானே ரெடி பண்றேன்னு வாங்கிக்கினு போயிட்டேன், அவன் பிரிச்சுப் பாத்துடக் கூடாதுன்னு. அவனும் கேக்கல. அதுக்கப்புறம் அவன் எந்த வண்டியையும் கையால தொடல.

பதினாலு வருஷம் ஆச்சு.

அப்பல்லாம் ஷிப்ட் முடிஞ்சு வந்து நாலு மணி நேரம் குனிஞ்ச தலை நிமிராம உக்காருவோம், டயர்டுன்னா என்னன்னே தெரியாது. இப்ப எனக்கு சூப்பர்வைசர் வேலை, நாற்காலியிலதான் இருக்கேன், ஆனாலும் வீட்டுக்கு வந்தா ஷூவ கழட்டவே சலிப்பா இருக்கு. சண்டே முழுக்க தூங்கினாலும் அசதி போகல.

போன வாரம் எங்க வீட்டு ஏசி வேலைக்கு இளங்கோதான் வந்தான். அவுட்டோர் யூனிட்ட தோள்ல வச்சு மூணு மாடி ஏறினான். முட்டி வலிக்குதுன்னு ஒவ்வொரு மாடியிலயும் நின்னான். நான் ஒரு பக்கம் புடிச்சேன், என்னால அவ்ளோதான் முடிஞ்சுது.

வேலை முடிஞ்சு டீ குடிக்கறப்ப அவனா சொன்னான்... "அன்னிக்கு மட்டும் அந்த ஆயில மாத்தாம இருந்திருந்தா, நான் இந்நேரம் மெட்ராஸ்ல ஏதோ ஒரு ஏசி ரூம்ல உக்காந்திருப்பேன் மச்சான்." சொல்லிட்டு சிரிச்சான்.

இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கோடான்னேன்.

நேர்ல சொல்ல எனக்குத் தைரியம் இல்ல, அதனாலதான் இங்க எழுதறேன். அவனும் இந்த குரூப்லதான் இருக்கான், மத்தியானம் சாப்பிடறப்ப எல்லாத்தையும் படிப்பான்.

இளங்கோ... ஆயில் கரெக்ட்டாதான்டா இருந்துச்சு.

நாளைக்கு காலையில உன் வீட்டுக்கு வர்றேன். கதவ திறக்கறதும் திறக்காததும் உன் இஷ்டம்.