மீன் வெட்டும் அம்மா திருத்திய குறிப்பு

நாய், பூனைகளுக்கு ஆபத்து வந்தால் என்ன செய்யலாம் என்று இணையத்தில் குறிப்பு எழுதுகிறவன் நான். நாலைந்து பேர் 'டாக்டர் சார்' என்று அழைத்ததில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. உண்மையில் நான் தாலுகா ஆபீஸ் கிளார்க்.

மீமிசலில் மீன் வாங்கப் போன அன்று என் நாயும் உடன் வந்தது. கீழே கிடந்த எலும்பைக் கடித்ததில் அது மேல்வாயில் குறுக்காக மாட்டிக்கொண்டது. நாய் எச்சில் ஒழுக முகத்தைப் பிறாண்டியது. நானோ என் குறிப்பையே போனில் தேடிக்கொண்டிருந்தேன்.

"இங்கிட்டு கொண்டாங்க" என்றார் மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மா. சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டிருந்தார். எதைத் தொடுமுன்பும் கையை அதில் இரண்டு தடவை துடைத்துக்கொள்வார். அப்படித் துடைத்துவிட்டு, நாயின் வாயைத் திறந்து நன்றாகப் பார்த்தார். பிறகு கரண்டிக் காம்பால் நெம்பினார். எலும்பு வெளியே விழுந்தது.

"எங்கேம்மா கத்துக்கிட்டீங்க?"

கையைத் துடைத்துக்கொண்டு தன் போனைக் காட்டினார். அதில் இருந்தது என் பெயர் போட்ட குறிப்பு! நான்தான் எழுதினேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இதை எழுதுன ஆளு நாயி வளத்துருக்க மாட்டாருங்க. விரலை விட்டுத் துழாவச் சொல்றாரு. எலும்பு தொண்டைக்குள்ள போயிராது? மொதல்ல பாக்கணும்ல?"

"ஆமாங்க, வெவரங்கெட்ட ஆளா இருப்பான்."

"அப்புடிச் சொல்லாதீங்க. கரண்டிக் காம்பு அவரு சொன்னதுதான்."

வீட்டுக்கு வந்ததும் விரலை விடச் சொன்ன வரியைத் திருத்தி, 'மீமிசலில் மீன் வெட்டும் ஒருவர் சொன்னது' என்று சேர்த்தேன். அவர் பெயரை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரும் என் பெயரைக் கேட்டிருப்பார்.