மூன்று ஊர் நாடகத்தில் கிடைத்த சென்னைப் பயணம்

சென்னையில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஓராண்டுப் பயிற்சிக்கு எனக்கு இடம் கிடைத்திருப்பதாக மாசி மாதம் தகவல் வந்தது. அப்போது நான் கோலாலம்பூரில் நர்ஸ் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருந்தேன். பயிற்சிக்குச் சம்பளம் கிடையாது. கட்டணம், விடுதி, கப்பல் எல்லாச் செலவையும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். வைகாசியில் கப்பல் ஏறினேன். இதே வழியில் போக நினைக்கும் பெண்களும் அவர்களைப் பெற்றவர்களும் என்னிடம் அடிக்கடி விவரம் கேட்கிறார்கள். ஆளுக்கு ஆள் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எனக்குக் கப்பல் டிக்கெட் எப்படிக் கிடைத்தது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதுவே ஒரு பயணம்.

என் அப்பா ரயில்வேயில் சரக்குக் குமாஸ்தா. யாழ்ப்பாணத்திலிருந்து இருபது வயதில் வந்தவர். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில், ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு. விடுதிச் செலவை மாதாமாதம் அனுப்ப அவரால் முடியும். கட்டணத்தையும் கப்பல் செலவையும் ஒரே நேரத்தில் புரட்ட முடியாது. எனக்குக் கீழே மூன்று பேர் படிக்கிறார்கள்.

பக்கத்து வரிசையில் துரைசாமி அண்ணன் இருந்தார். ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். வேலை முடிந்தால் நாடகம்தான் அவருக்கு உயிர். தானே எழுதி, பட்டறை ஆட்களையும் குமாஸ்தாக்களையும் சேர்த்து நடிக்க வைப்பார். என் விஷயம் காதில் விழுந்ததும் வீட்டுக்கு வந்தார்.

“ஐயா, பிரிக்பீல்ட்ஸ், செமினி, கிள்ளான், மூணு ஊர்ல நாடகம் போடுறோம். வர்ற பணம் தங்கச்சி பயிற்சிக்கு” என்றார்.

அப்பா அவரை உட்காரச் சொன்னார். பிறகு, “ஊராற்ற காசில இவள் படிக்கிறதெண்டால் நான் எந்த முகத்தோட வேலைக்குப் போறது?” என்று கேட்டார்.

துரைசாமி அண்ணனுக்குக் கோபம் வரவில்லை. “என் சம்சாரத்துக்கு முதல் பிரசவம் எஸ்டேட்ல. எங்க வலிக்குதுன்னு அவ சொன்னது அங்க இருந்தவங்களுக்குப் புரியல. பிள்ளை தங்கல. தமிழ் பேசுற நர்ஸ் ஒருத்தி வேணும்னு நாங்க ஆசைப்படுறோம். இது தானம் இல்லைங்க, எங்களுக்கும் தேவை” என்றார்.

அப்பா சம்மதம் என்றும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. எங்கள் வீட்டு முன்பக்க விறாந்தை பெரியது என்பதால் ஒத்திகை அங்கேயே நடந்தது. இரண்டு மாதம் தினமும் மாலையில் ஆர்மோனியமும் கூச்சலும். அப்பா பத்திரிகையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பார்.

நாடகத்தில் முக்கியமான பாத்திரம் மரகதம் என்ற விதவைத் தாய். தந்தி ஆபீஸில் வேலை பார்த்த சாமிநாதன் அந்த வேஷம் கட்டினார். ஒல்லியான ஆள், நல்ல குரல். பெண்கள் மேடை ஏறுவதை அப்போது யாரும் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். என் வேலை, நாடகம் முடிந்ததும் மேடைக்கு வந்து நன்றி சொல்வது மட்டும். அதற்கே அம்மாவுக்குப் பெரிய தயக்கம். அப்பா துணைக்கு வந்தால்தான் நான் வெளியூர் போகலாம் என்று சொல்லிவிட்டாள். அப்பாவும் வந்தார், ஆனால் எங்களோடு சேர்ந்து உட்கார மாட்டார்.

பிரிக்பீல்ட்ஸ் நாடகம் நன்றாக நடந்தது. செமினிக்குப் போவதுதான் சிரமம். கோலாலம்பூரிலிருந்து காஜாங்குக்கு ரயில், பதினைந்து மைல். அங்கிருந்து மோட்டார் பஸ், இன்னும் ஆறேழு மைல், தலைக்கு இருபது காசு. ஆர்மோனியத்துக்கும் திரைச்சீலைக்கும் தனிக் கூலி கேட்டார் பஸ்காரர். எதற்காகப் போகிறோம் என்று துரைசாமி அண்ணன் சொன்னார். பஸ்காரர் மலாய்க்காரர். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அந்தத் தனிக் கூலியை வாங்காமலே வண்டியை எடுத்தார். செமினியில் சுற்றுவட்டத் தோட்டத்து ஜனங்கள் நடந்தே வந்திருந்தார்கள். பணம் இல்லாத சிலர் முட்டையும் வாழைக்குலையும் கொண்டுவந்து வைத்தார்கள். நான் மேடையில் என் காலையே பார்த்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு இறங்கினேன்.

கிள்ளான் நாடகம் ஒரு சனிக்கிழமை. கோலாலம்பூர் ஸ்டேஷனில் மதியம் மூன்று மணிக்கு ஏறினோம். இருபது மைலுக்குக் கொஞ்சம் கூட, மூன்றாம் வகுப்பு ஐம்பத்தைந்து காசு, ஒரு மணி நேரப் பயணம். வலது பக்க ஜன்னலோரம் கிடைத்தால் வெயில் முகத்தில் அடிக்கும், இடது பக்கம் உட்காருங்கள். சாமிநாதன் கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு ஏறினார். பல்வலி என்றார். பத்துத் திகா ஸ்டேஷனைத் தாண்டியபோது துண்டு நழுவியது. இரண்டு காதுக்கும் கீழே கன்னம் உப்பியிருந்தது. தொட்டுப் பார்த்தேன். உடம்பு அனலாகக் கொதித்தது.

பொன்னுக்கு வீங்கி. ஒட்டிக்கொள்ளும் நோய். ஆண்களுக்குப் பெரிய வயதில் வந்தால் தொல்லை அதிகம். நடிகர்கள் எல்லோரும் ஒரே அறையில் ஒரே கண்ணாடியைப் பார்த்து வேஷம் போடுவார்கள். கொட்டகையில் குழந்தைகள் வேறு. ஆனால் கிள்ளான் வசூல் வந்தால்தான் திங்கட்கிழமை கப்பல் கம்பெனியில் பணம் கட்ட முடியும். அந்தக் கப்பலை விட்டால் பயிற்சி தொடங்கும் தேதிக்குப் போய்ச்சேர வேறு கப்பல் இல்லை.

சாமிநாதன் என் முகத்தைப் பார்த்தார். “நடிச்சிடுறேன் தங்கச்சி. ஒரு ராத்திரிதானே” என்றார். வாய் சரியாகத் திறக்கவில்லை.

எனக்கும் ஒரு கணம் சரி என்று சொல்லத் தோன்றியது. பிறகு, “வேண்டாம் அண்ணே. நீங்கள் அடுத்த ரயிலிலேயே திரும்பிப் போய்த் தனியாகப் படுங்கள். நாடகம் வேண்டாம்” என்றேன்.

கிள்ளான் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு நெல் கிடங்கைத்தான் கொட்டகையாக மாற்றியிருந்தார்கள். டிக்கெட் எல்லாம் முன்பே விற்றாகிவிட்டது. துரைசாமி அண்ணன் மூட்டைமேல் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். வாங்கிய பணத்தைத் திருப்பித் தருவது எப்படி என்று பேச்சு நடந்தது. மரகதம் இல்லாமல் கதையே இல்லை. இரண்டு மணி நேரத்தில் அத்தனை வசனத்தையும் யார் படிப்பது?

கிடங்கு வாசலில் உட்கார்ந்திருந்த அப்பா பத்திரிகையை மடித்தார்.

“அந்தச் சீலையை இங்க கொண்டு வாங்கோ” என்றார்.

யாருக்கும் விளங்கவில்லை. துரைசாமி அண்ணன்தான் மெதுவாகக் கேட்டார். “ஐயா, உங்களுக்கு வசனம்?”

“இரண்டு மாசம் என்ர வீட்டு விறாந்தையிலதானே கத்தினனீங்கள். பாடமாகாமல் என்ன செய்யும்?”

எழுந்து பாசார் கடைத்தெருப் பக்கம் நடந்தார். திரும்பி வந்தபோது முதலில் வேறு யாரோ என்று நினைத்தேன். இருபத்தைந்து வருஷமாக முறுக்கி வைத்திருந்த மீசை இல்லை. மேலுதடு வெளுத்து, முகம் சிறுபிள்ளையின் முகம்போல இருந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “கொசுவம் வைக்கத் தெரியாது. நீ வந்து கட்டிவிடு” என்றார். என் கையால்தான் அவருக்குச் சேலை கட்டினேன்.

மாலை ஆறரைக்குத் திரை விலகியது. அப்பா வாய் திறந்ததும் கொட்டகை முழுவதும் சிரிப்பு. அவர் பேச்சு அப்படியே யாழ்ப்பாணப் பேச்சு. “ஓம்” என்றால் சிரிப்பு, “இஞ்ச வா” என்றால் சிரிப்பு. முன்வரிசையில் ஓர் ஆள், “அம்மா ரொம்ப பெரிய உடம்பு லா” என்றார். அப்பா அசையவில்லை. ஒரு சொல்கூடத் தடுமாறாமல் சொல்லிக்கொண்டே போனார். மூன்றாவது காட்சிக்குள் சிரிப்பு அடங்கிவிட்டது.

ஐந்தாவது காட்சியில் மரகதத்தின் மகள் தூரதேசத்துக்கு வேலைக்குப் போக உத்தரவு கேட்பாள். தாய் அழுது, காலைக் கட்டிக்கொண்டு, “என்னை விட்டுப் போகாதே” என்று தடுத்துவிடுவாள். அப்படித்தான் எழுதியிருந்தது. மகளாக நடித்த தபால்காரப் பையன் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு நின்றான். அப்பா பேசவில்லை. திரைக்குப் பக்கத்திலிருந்து துரைசாமி அண்ணன் வசனத்தை எடுத்துக்கொடுத்தார். மறுபடியும் எடுத்துக்கொடுத்தார். அப்பா அந்தப் பையனின் தலையில் கை வைத்தார்.

“போயிற்று வா பிள்ளை. இஞ்ச நான் பாத்துக்கொள்ளுவன்.”

பையன் திகைத்து நின்றான். நாடகத்தில் அவள் போகவே கூடாது. பிறகு வேறு வழி தெரியாமல் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே நடந்துவிட்டான். மிச்சக் கதைக்கு ஆள் இல்லை. துரைசாமி அண்ணன் ஒரு நொடி யோசித்துத் திரையை இழுத்தார். கொட்டகையில் பெண்கள் இருந்த பக்கத்தில் அழுகைச் சத்தம் கேட்டது. அதுதான் முடிவு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அன்று நான் மேடை ஏறியபோது காலைப் பார்க்கவில்லை. முன்னால் இருந்தவர்களைப் பார்த்தேன். தோட்டத்திலிருந்து வந்த பெண்கள், மடியில் தூங்கும் பிள்ளைகள், ரயில்வே சட்டையைக்கூடக் கழற்றாமல் வந்தவர்கள். “படித்துவிட்டு இங்கேதான் வருவேன்” என்றேன்.

திரும்பும் ரயிலில் அப்பா முதல் முறையாக எங்களோடு உட்கார்ந்தார். துரைசாமி அண்ணன் வாங்கிவந்த காப்பியைக் குடித்தார். “ஐயா, அந்த வசனம் ஏன் சொல்லல?” என்று நான் கேட்டேன். எங்கள் வீட்டில் அப்பாவை ஐயா என்றுதான் கூப்பிடுவோம்.

“மறந்து போச்சு” என்றார்.

திங்கட்கிழமை அவரே கப்பல் கம்பெனிக்குப் போய்ப் பணம் கட்டினார்.

இனி உங்களுக்கு வேண்டிய விவரம். கப்பல் போர்ட் சுவெட்டன்ஹாமிலிருந்து புறப்படும். கிள்ளானுக்கு அப்பால் ஆறு மைல், அதே ரயிலே போகும். பினாங்கில் நின்று, நாகப்பட்டினம் வழியாகச் சென்னை. கடல் அமைதியாக இருந்தால் ஒரு வாரம். அம்மை குத்திய சான்றிதழைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், கையில் வைத்திருங்கள். தனியாகப் போகும் பெண்கள் ஒரு குடும்பத்தோடு சேர்ந்து போவது நல்லது. இந்தியாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பள்ளி ஆசிரியர் குடும்பத்தோடு நான் போனேன். மேல்தட்டில் பாய் விரிக்கும்போது சமையல் புகை வராத பக்கமாகப் பாருங்கள். எலுமிச்சம்பழம் நிறைய எடுத்துப் போங்கள், எனக்கு வைத்திருந்ததில் பாதி மற்றவர்களுக்கே போயிற்று. பயிற்சி இடங்களில் முதல் தவணைக் கட்டணத்தைச் சேரும் அன்றே கேட்பார்கள். அதைத் தனியாக முடிந்து வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊர் கூடி உங்களை அனுப்ப முன்வந்தால், வெட்கப்பட்டு ஒதுங்காதீர்கள். பெற்றவர்களுக்கு முதலில் மனம் வராமல் இருக்கலாம். அவர்களை விட்டுவிட்டு ஓடாதீர்கள், கூடவே அழைத்துப் போங்கள். கொடுப்பவர்களின் முகத்தை அவர்களும் பார்க்கட்டும். சாமிநாதன் இரண்டு வாரத்தில் எழுந்துவிட்டார். வேறு யாருக்கும் அந்த நோய் வரவில்லை. அந்தச் செய்தி கப்பல் ஏறுவதற்கு முன்பே கிடைத்ததில் எனக்குப் பெரிய நிம்மதி.

சென்னையில் சேர்ந்த அன்று ஆஸ்பத்திரி அலுவலகத்தில் ஓர் அம்மாள், “உன்னை அனுப்பி வைத்தது யார்?” என்று கேட்டார். பட்டறை ஆட்கள், தந்தி ஆபீஸ் அண்ணன், செமினி ஜனங்கள், கிள்ளான் ஜனங்கள் என்று சொல்லிக்கொண்டே போனேன். பஸ்காரரையும் விடவில்லை. அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கடைசிவரை கேட்டார். பிறகு, “இத்தனை பேருக்காகவும் நீ நல்லபடியாக வேலை கற்றுக்கொள்ள வேண்டுமே” என்றார்.

“கற்றுக்கொள்வேன் அம்மா” என்றேன். அன்று சாயங்காலமே பிரசவ வார்டில் நிற்கச் சொன்னார்கள்.