பேர் கேட்காத இன்டர்வியூ

போன வருடம், ஆடித் தள்ளுபடிக் கூட்டம் தி.நகரை அடைத்துக்கொண்டிருந்த நேரம். வீட்டுக்காரருக்கு மூட்டு ஆபரேஷன் ஆகி ஆட்டோ ஓட்ட முடியாமல் போனதால், நான் வேலை தேடி அலைந்துகொண்டிருந்தேன். மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கும் கம்பெனியில் போனில் புகார் கேட்க ஆள் வேண்டும் என்று தெரிந்தவர் சொல்ல, கிளம்பிப் போனேன்.

மாடிப்படி ஏறும்போதுதான் உறைத்தது. இதே ஆபீசுக்கு முன்பே ஒருமுறை வந்திருக்கிறேன். அப்போது முதலாளி என் வயதைக் கேட்டார், வீடு எங்கே என்று கேட்டார். சிந்தாதிரிப்பேட்டை என்றதும், அந்த ஏரியா ஆளா என்பதுபோல் பார்த்து, "சொல்லி அனுப்புறோம்மா" என்று முடித்துவிட்டார். வேலையைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. திரும்பிவிடலாமா என்று படியிலேயே நின்றேன். வீட்டு நிலைமை மேலே தள்ளியது.

வாசலில் இருந்த பெண் நம்பர் சீட்டு ஒன்றைக் கொடுத்து, "பேரு, ஏரியா எதுவும் சொல்லாதீங்க மேடம். உள்ள போன் வரும், பேசுங்க" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏமாற்று வேலையோ என்று பயந்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "பேரே கேக்காம இன்னா வேலை குடுப்பான்? உஷாரா இரு" என்று அவர் பங்குக்குக் குழப்பினார்.

சின்ன அறை. போன் அடித்தது. மிக்ஸியில் புகை வருகிறது என்று ஒருவர் கத்தினார். இது பரீட்சையா, நிஜப் புகாரா என்றுகூட எனக்கு விளங்கவில்லை.

"கை ஈரமா கீதுங்களா சார்? தொடச்சிட்டு மொதல்ல சுவிட்ச ஆஃப் பண்ணுங்க. அப்பால என்னத் திட்டலாம்" என்றேன். மறுமுனையில் போனை வைத்துவிட்டார்.

பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார்கள். கத்தியவர் அங்கே உட்கார்ந்திருந்தார். அதே முதலாளி. அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஆளைப் பார்த்து, ஊரைக் கேட்டு வேலைக்கு எடுத்ததில் நிறையத் தப்பு நடந்துவிட்டதாம், அதனால்தான் இப்போது போனில் பேச்சை மட்டும் கேட்டு எடுக்கிறாராம். சொல்லிவிட்டு, "இவ்ளோ நாளா எங்கம்மா இருந்தீங்க?" என்றார்.

"சிந்தாதிரிப்பேட்டைலதான் சார்" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். உள்ளே ஆத்திரமும் இருந்தது, வேலை கிடைத்த சந்தோஷமும் இருந்தது.

இன்றும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். அன்று துரத்தியவர்மேல் கோபப்படுவதா, தன் கண்ணையே நம்பாமல் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என் பேச்சைக் கேட்டவருக்கு நன்றி சொல்வதா என்று, காலையில் அவர் "வாங்கம்மா" என்னும்போதெல்லாம் குழம்பிப்போகிறேன். இரண்டு தடவையும் அந்தப் படியேறிப் போனது நான்தானே.