தொம்பைக்குள் கூவிய சேவல்

பிள்ளைகளே, காலையில் கோழிகள் வெளியே வந்ததும் யார் முட்டை எடுப்பது என்று தினமும் சண்டை போடுகிறீர்கள். அந்தக் கோழிகள் நம் வீட்டில் நிலைத்த கதை உங்களுக்குத் தெரியாது. உங்கள் அம்மா சொல்லவும் மாட்டாள். சொன்னால் என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் நானே எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்புப் படிப்புதான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சத்தியவேடு பக்கத்து ஊர்களைச் சென்னை ராஜ்யத்திலிருந்து பிரித்து ஆந்திராவோடு சேர்த்த சமயம் அது. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். அந்த வருஷம் மழை இல்லை. கடலைச் செடி காய்ந்துபோயிற்று. நெல் கொட்டி வைக்கிற பெரிய மூங்கில் தொம்பை வீட்டு மூலையில் வெறுமையாக நின்றது. உங்கள் அம்மா தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரே ஒரு பெட்டையை அடை வைத்து அடை வைத்துப் பதினோரு கோழி ஆக்கியிருந்தாள். முட்டை சந்தைக்குப் போனால்தான் எங்கள் அடுப்பில் உலை ஏறும் என்கிற நிலைமை.

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. காக்கி உடுப்பு போட்ட யாராவது வந்தால் உடனே கோழியை மறைத்துவிடுவோம். கேம்ப் வருகிற சர்க்கார் ஆட்கள் கொழுத்த கோழியாகப் பார்த்துப் பிடித்துப் போவார்கள். காசு அப்புறம் என்பார்கள். அந்த அப்புறம் வராது.

ஒருநாள் விடியும்போதே ஊர்த் தலையாரி தெருவில் ஓடினார். "சர்க்காரு ஆளு வர்றாருடோய், கோழி கேக்கறாரு!" அவ்வளவுதான். கூண்டிலிருந்த பதினொன்றையும் தொம்பைக்குள் இறக்கி, மேலே முறத்தைக் கவிழ்த்துவிட்டு நான் வாசலுக்கு வந்தேன்.

சைக்கிளில் வந்தவர் கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டர். தோளில் ஒரு பிளாஸ்க். தெலுங்குக்காரர், தமிழை உடைத்து உடைத்துப் பேசினார். தெருவில் முதல் வீடு நம்முடையது என்பதால் முதலில் என்னைத்தான் கேட்டார்.

"கோழி எத்தனை இருக்கு?"

"கோழியே இல்லீங்க சார்."

அடுத்த வீட்டுக்காரரும் இல்லை என்றார். எதிர்வீடும் இல்லை. தெருவெல்லாம் கோழி எச்சமும் இறகும் கிடக்க, ஊரில் ஒரு கோழி இல்லை! அந்த நேரம் பார்த்து நம் சேவல் தொம்பைக்குள்ளிருந்து கூவியது. வெறும் தொம்பை அல்லவா, கிணற்றுக்குள்ளிருந்து கூவுவதுபோல் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. நான் பலமாக இருமினேன். அது மறுபடியும் கூவியது.

அவர் சிரிக்கவில்லை. பிளாஸ்க்கைத் திறந்து காட்டினார். உள்ளே ஐஸ். கோழிகளைக் கொல்லும் வெள்ளைக் கழிச்சல் நோய் பக்கத்து இரண்டு ஊர்களுக்கு வந்துவிட்டது, இறக்கையடியில் ஊசி போட்டால் தப்பும், மேய விடுவதற்கு முன்னால் பிடிக்க வேண்டும் என்றுதான் விடியற்காலையில் வந்தேன், ஐஸ் கரைந்தால் மருந்து வீண் என்றார். யாரும் கோழியைக் கொண்டுவரப் போகவில்லை. ஆந்திரா சர்க்கார் எதற்கு நம் கோழிக்கு ஊசி போட வேண்டும் என்று சந்தேகம். அதைவிட, சொன்ன பொய்யை எப்படித் திரும்ப விழுங்குவது? அவர் சைக்கிளைத் திருப்பினார்.

"சார், நில்லுங்க!"

அம்மா வாசலில் நின்றாள். கையில் அவளுடைய முதல் பெட்டை. "எங்கூட்டுல பதினோரு கோழி கீது சார். இவரு பொய் சொல்லிக்கினு கீறாரு. மொதல்ல இதுக்குப் போடுங்க."

ஊரே பார்த்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவளோ ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, இறக்கையை விரித்துப் பிடித்து, பதினொன்றுக்கும் போட்டு முடிக்கும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை. கடைசியில் சேவலை நீட்டினாள். "எடுத்துக்கினு போங்க சார்."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "வத்தம்மா. நேனு மாம்சம் தினனு." வேண்டாம்மா, நான் மாமிசம் சாப்பிடுகிறதில்லை என்றார். ஒரு சொம்பு மோர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். கோழி துன்னாத மனுஷனுக்குப் பயந்துதான் ஊரே கோழியை ஒளித்து வைத்திருந்தது!

ஊசி போட்ட நாலாம் நாள் கோழிகள் சோர்ந்து உட்கார்ந்தன. ஒன்றுக்குக் கால் இழுத்துக்கொண்டு, இரண்டு நாளில் செத்தும் போயிற்று. அடுத்த வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? "இன்னா மாமா, ஆந்திரா ஊசி போட்டியே, கோழி தெலுங்குலயா கூவுது?" என்றார். தெருவே சிரித்தது. எனக்கும் பயம். தப்புப் பண்ணிவிட்டோமா என்று அம்மாவிடம் கேட்டேன். "இன்னும் பத்து கீதே, பாப்போம்" என்றாள். தவிட்டைப் பிசைந்துகொண்டிருந்த கை நிற்கவில்லை.

மூன்றாவது வாரம் கழிச்சல் எங்கள் ஊருக்குள் வந்தது. காலையில் கழுத்தைத் திருகிக்கொண்டு நிற்கும், சாயங்காலம் விழும். பத்துப் பன்னிரண்டு நாளில் ஊர் அடங்கிப்போயிற்று. விடிந்தால் ஒரே ஒரு சேவல் கூவியது. அது நம் வீட்டுச் சேவல். பத்தில் ஒன்றுகூடப் போகவில்லை.

அப்புறம் அடை வைக்க முட்டை கேட்டு ஒவ்வொரு வீடாக வந்தார்கள். அம்மா யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. அடுத்த வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி வந்தபோது, பெரிய முட்டைகளாகப் பொறுக்கி அவர் துண்டில் வைத்தாள். "எடுத்துக்கினு போ அண்ணா. தமிழ்லயே கூவும், கவலப்படாத." அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

இன்றைக்கு இந்த ஊரில் எந்தச் சேவல் கூவினாலும் அது உங்கள் அம்மா கொடுத்த முட்டையின் வம்சம். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே இல்லை.

அடுத்த வீட்டுக்காரர் முட்டை வாங்கிப்போன மறுநாள் அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். நான் மட்டும் வீட்டில் இருந்தேன். கோழிகளை ஒளித்து வைத்த அந்தத் தொம்பையை உருட்டிக்கொண்டு போய்த் தெரு பார்க்க வாசல் பக்கம் நிறுத்தினேன். அரிவாளை எடுத்து, அடியில் கோழி நுழைகிற அளவுக்கு ஒரு வழி வெட்டினேன். நீங்கள் முட்டை எடுக்கக் கையை விடுகிற வழி அதுதான். அதற்கு நான் இன்றுவரை கதவு வைக்கவில்லை.