மண்ணெண்ணெய் உள்ளவரை ஒரு சர்வதேசப் பெண்கள் திரைப்பட விழா

எங்கள் ஊரில் ஒரு சர்வதேசப் பெண்கள் திரைப்பட விழா நடந்தது என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. நடந்தபோதே பலர் நம்பவில்லை. போரில் மின்சாரம் போய்ச் சில வருடங்கள் கழிந்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியில் செய்தி கேட்ட காலம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு வாசிகசாலை மண்டபத்தில் அது நடந்தது. விழாவின் செயலாளர் என் மனைவி. நான் செயலாளரின் கணவர். அந்தப் பதவிக்குத் தேர்தல் கிடையாது, இராஜினாமாவும் கிடையாது.

வெளிநாட்டில் இருக்கும் அவளுடைய பழைய சிநேகிதி ஒருத்தி மூன்று வீடியோக் கசற்றுகளை அனுப்பியிருந்தாள். மூன்றும் பெண்கள் இயக்கிய படங்கள், மூன்றும் வெவ்வேறு நாடுகள். சேலைகளுக்குள் சுற்றப்பட்டு, கடல்நீரேரியை வள்ளத்தில் கடந்து அவை வந்து சேர்ந்த அன்றே விழா தீர்மானமாகிவிட்டது.

“கலியாணம் கட்டினதிலையிருந்து நான் ஒரு படத்தை முழுசாப் பாக்கேல்லை” என்றாள் என் மனைவி. “தியேட்டருக்குப் போனால் பிள்ளை அழும். வீட்டிலை போட்டால் சோறு கொதிக்கும். மிச்சத்தை நீங்கள் வந்து சொல்லுவியள். நீங்கள் சொல்லுற படத்திலை எல்லாரும் உங்களை மாதிரியே கதைக்கினம்.”

நான் ஆங்கிலம் படிப்பிக்கிற ரியூசன் மாஸ்ரர். கதை சொல்வது எனக்கு ஒரு தொழில் நோய்.

ஷெல்லுக்குப் பயந்து குருநகரிலிருந்து இடம்பெயர்ந்த மீனவக் குடும்பங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தன. அந்தப் பெண்களை அழைக்க அவள் தானே போனாள். நானும் போனேன். ஒரு நடுவயதுப் பெண், மூக்குத்தியைத் திருகிக்கொண்டே கேட்டாள்: “முழுக்கப் போடுவியளோ ரீச்சர்? போனமுறை ஆரோ வந்து பாதியிலை நிப்பாட்டிப்போட்டுப் போயிட்டினம்.”

“முழுக்கப் போடுவம். நானும் உங்களோடை பாயிலை இருந்துதான் பாக்கப்போறன்” என்று என் மனைவி வாக்குக் கொடுத்தாள்.

விழாக்குழுவின் தலைவர் ஓர் இளைப்பாறிய பாடசாலை அதிபர். அந்தத் தட்டுப்பாட்டிலும் ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய் எடுத்துத் தந்தவர் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். இருவரும் ஒரே நிபந்தனை வைத்தார்கள்: படங்கள் நம் பண்பாட்டுக்குப் பொருந்துமா என்று முதலில் ஒரு குழு பார்வையிட வேண்டும். குழு என்றால் அவர்கள் இருவரும், திரையின் அடியில் ஓடும் ஆங்கில உபதலைப்பை வாசித்துச் சொல்ல நானும்.

முதல் கசற்றுக்குள் நீரேரி புகுந்திருந்தது. திரையில் மழை மட்டும் பெய்தது. இரண்டாவது நல்ல படம். ஆனால் நடுவில் ஒரு பெண் ஆற்றில் குளித்தாள். அதிபர் கையை உயர்த்தினார்.

“திருப்பிப் போடுங்கோ. உவ இதிலை குளிக்கிறதுக்கு ஏதும் அவசியம் இருக்கோ எண்டு வடிவாய்ப் பாக்கோணும்.”

திருப்பிப் போட்டோம். அவசியம் தெளிவாகவில்லை. மறுபடி போட்டோம். மனேஜருக்கு வேறொரு கோணத்தில் சந்தேகம் வந்தது. வெளியே ஜெனரேற்றரோடு நின்ற பெடியன் தலையை உள்ளே நீட்டினான்.

“சேர், அவ இன்னும் ரண்டுதரம் குளிச்சாவெண்டால் விழாவுக்கு எண்ணெய் இல்லை.”

படம் நிராகரிக்கப்பட்டது. மூன்றாவது படத்தில் யாரும் குளிக்கவில்லை. குளிர் நாட்டில் ஒரு துறைமுகம், எல்லோரும் தடித்த கம்பளிச் சட்டையோடு திரிந்தார்கள். கால்வாசியில் அதிபர் நித்திரையானார். பாதியில் மனேஜர் கடைக்கு ஆள் வந்ததென்று எழுந்து போனார். முடிவுவரை விழித்திருந்து பார்த்தவன் நான் ஒருவன்தான்.

வீட்டுக்கு வந்து விபரம் சொன்னபோது என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். “பொம்பிளையளின்ரை படவிழா. பொம்பிளையள் பாக்க முன்னம் மூண்டு ஆம்பிளையள் பாத்து முடிச்சிட்டியள். எண்ணெயையும் முடிச்சிட்டியள்.”

மறுநாள் அவள் அதிபரிடம், ஒரே ஒரு படம்தான் மிஞ்சியிருக்கிறது, ‘சர்வதேச’ என்ற சொல்லை எடுத்துவிடலாமே என்று கேட்டாள். அவர் இரக்கத்தோடு பார்த்தார்.

“ஒண்டெண்டாலும் அது வெளிநாட்டுப் படந்தானே பிள்ளை. பதாகையும் எழுதியாச்சு.”

விழா பகலில்தான். ஜன்னல்களுக்குப் போர்வைகளும் கறுப்புத் துணிகளும் கட்டியிருந்தோம். மண்டபம் இடியப்பச் சட்டிபோல் அவிந்தது. பெண்கள் பாய்களில், மடியில் பிள்ளைகளோடு. முன்வரிசைக் கதிரைகளில் ஆண்கள். மேடையிலும் ஆண்கள். என் மனைவிக்கு மேடையில் ஒரு வேலை இருந்தது: கடைசியில் நன்றியுரை.

மைக்கைக் கண்டதும் அவள் அதிபரிடம் ஓடினாள். “சேர், சின்ன மண்டபம். மைக் வேண்டாம். அதுவும் ஜெனரேற்றரிலைதான் ஓடும். எண்ணெய் படத்துக்கே மட்டுமட்டு.”

“மைக் இல்லாமல் என்ன விழா பிள்ளை? நாலு சொல்லுத்தான் கதைக்கப்போறன்.”

வரவேற்புரை, ஆசியுரை, இரண்டு வாழ்த்துரை முடிந்து தலைமையுரை தொடங்கியது. பெண்மையின் பெருமையை அவர் சங்ககாலத்திலிருந்து எடுத்தார். பல்லவர் காலத்தை நாங்கள் அடைந்தபோது வெளியே ஜெனரேற்றர் ஒருமுறை இருமியது. பாயில் இருந்த என் மனைவி எழுந்து மேடைக்கு ஒரு துண்டுக் கடதாசி எழுதி அனுப்பினாள். அவர் அதை வாங்கி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து மைக்கிலேயே வாசித்தார்.

“நேரம் போதாதெனச் செயலாளர் குறிப்பிடுகிறார். ஆகவே சுருக்கமாகச் சோழர் காலத்துக்கு வருகிறேன்.”

அவருக்கு அன்றைக்கு வேறொரு கூட்டத்துக்கும் தலைமை தாங்க வேண்டியிருந்தது. அது மட்டும் இல்லாவிட்டால் நாங்கள் சோழரைத் தாண்டியிருக்கவே மாட்டோம். கைதட்டலோடு அவரும், அவரோடு முன்வரிசையில் பாதியும் எழுந்து போனார்கள். படம் தொடங்கியது.

நான் ரீவிக்குப் பக்கத்தில் நின்று உபதலைப்பைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். படத்தின் கதை இவ்வளவுதான். கடலுக்குப் போன ஒருவன் திரும்பவில்லை. அவன் மனைவியிடம் இருப்பது அவனுடைய வள்ளம் ஒன்றுதான். அவனுடைய அண்ணன் அதை விற்கச் சொல்கிறான், வாங்குவதற்கு ஆளையும் கூட்டிவருகிறான். அவள் கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறாள். ஓரிடத்தில் அவள் அந்த அண்ணனோடு வெகுநேரம் சண்டை பிடித்தாள். எழுத்துகள் வேகமாக ஓடின. “அவளுக்குச் சரியான கோபம்” என்று முடித்தேன்.

மூக்குத்திக்காரி விடவில்லை. “இவ்வளவு நேரம் வாயை மூடாமல் கதைச்சவள் உதையோ சொன்னவள், மாஸ்ரர்?”

மண்டபம் சிரித்தது. என் மனைவி இன்னும் பலமாகச் சிரித்தாள். அதற்குப் பிறகு ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். யாரும் மெச்சவில்லை, ஆனால் யாரும் அசையவுமில்லை. அழுத பிள்ளையை ஒருத்தி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே தட்டினாள்.

விடிகிறது. வாங்குகிறவன் காசோடு கரைக்கு வருகிறான். அவள் வள்ளத்தின் கயிற்றைப் பிடித்தபடி நிற்கிறாள். வாயைத் திறக்கிறாள். ஜெனரேற்றர் இரண்டுதரம் விக்கி, நின்றது.

பெடியன் வாசலில் வந்து வெறும் தகரத்தைக் கவிழ்த்துக் காட்டினான். ஜன்னலில் கட்டிய போர்வைகளை அவிழ்க்க யாரும் எழும்பவில்லை. அந்த இருட்டுக்குள் ஒரு குரல் வந்தது.

“வித்திருக்கமாட்டாள்.”

“விக்காமல்? பிள்ளையளுக்கு என்னத்தைக் குடுக்கிறது? எங்கடை வள்ளம் கரையிலை கிடந்து வெடிக்குது. இப்ப ஒருத்தன் வந்து கேட்டால் நான் இண்டைக்கே குடுப்பன்.”

“நீ குடுப்பாய். உன்ரை மனுசன் உயிரோடை இருக்கிறான். அவளுக்கு இப்ப மனுசன் எண்டு இருக்கிறது அந்த வள்ளந்தானே.”

“உவள் பெரிய அப்புக்காத்து, வழக்குப் பேசுறாள். ஆர் ஓட்டுறதாம்?”

“அவளே ஓட்டுவாள்.”

“குளிருக்கை?”

எல்லாரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். எனக்குத் தொண்டை அரித்தது. செருமினேன்.

“நான் முந்தியே பாத்தனான். எனக்கு முடிவு தெரியும்.”

“சும்மா இருங்கோ மாஸ்ரர்” என்றாள் மூக்குத்திக்காரி. அதட்டலாகக்கூட இல்லை, ஈயை விரட்டுகிற மாதிரி.

மற்றவர்கள் மறுபடி வள்ளத்துக்குத் திரும்பிவிட்டார்கள். போர்வையின் ஓட்டையால் வந்த வெளிச்சத்தில் என் மனைவியைத் தேடினேன். பாயில் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. நன்றியுரை நடக்கவில்லை.

சைக்கிள் கரியரில் அவளை ஏற்றிக்கொண்டு பலாலி வீதியால் வரும்போது மெல்லத் தொடங்கினேன். “இஞ்சேர், கடைசியிலை என்ன நடக்குதெண்டால்...”

“நீங்கள் வாயைத் திறந்தால் நான் குதிச்சு நடப்பன். எண்ணெய் எடுத்து மிச்சப் படத்தைப் போட்டுப் பாப்பன்.”

எண்ணெய் கிடைத்தபோது வீடியோ டெக் கிடைக்கவில்லை. டெக் கிடைத்தபோது கசற்றைக் காணவில்லை. தேடிப் பிடித்துப் போட்டோம். அவள் கயிற்றைப் பிடித்தபடி நிற்கிறாள், வாயைத் திறக்கிறாள், அடுத்த கணம் யாரோ ஒரு மாப்பிள்ளைக்குத் தோழன் தலைப்பாகை வைக்கிறான். நாடா நின்ற இடத்திலிருந்தே கலியாண வீடொன்றைப் பதிந்திருந்தார்கள். தாலிகட்டு, சாப்பாட்டுப் பந்தி எல்லாம் முழுமையாக இருந்தது. என் மனைவி அதையும் கொஞ்ச நேரம் பார்த்தாள், படம் திரும்பி வருமோ என்று. பிறகு எழுந்து போய் விளக்குச் சிமினியைத் துடைத்தாள்.

ஆக, அந்தக் கரையில் என்ன நடந்ததென்று அறிந்தவன் யாழ்ப்பாணத்தில் நான் ஒருவன்தான். என்னை யாரும் கேட்டதில்லை. இங்கே இரண்டு வரியில் எழுதிவிடலாம்தான். ஆனால் நான் எழுதுவதை அச்சுக்குப் போகமுன் வாசிக்கிற முதல் ஆள் அவள்.