அடுத்த கப்பலில் வரும் பேட்டரி

மின்சாரக் கார் ஷோரூமில் வேலை பார்ப்பவர்களுக்கு, நிற்கிற காரைப் பற்றி ஒரு வார்த்தை பேசத் தெரிந்தால் போதும், வராத பேட்டரியைப் பற்றித்தான் ஒன்பது வார்த்தை தெரிய வேண்டும். நான் எட்டாவது வரைதான் படித்தவள். பிள்ளைகள் மூவரும் கடலுக்கு அந்தப் பக்கம் மெயின்லேண்டில் அவரவர் குடும்பத்தைப் பார்க்கப் போன பிறகு, சும்மா இருக்க மனம் வராமல் போர்ட் பிளேரில் இந்த ஷோரூமில் சேர்ந்தேன். காலையில் கதவைத் திறந்து கூட்டுவது, முருகன் படத்துக்கு விளக்கேற்றுவது, வருகிறவர்களை உட்காரவைத்து டீ கொடுப்பது, நோட்டில் பெயர் எழுதுவது எல்லாம் என் பொறுப்பு. விற்பது ஷீஜாவின் பொறுப்பு. மலையாளத்துப் பெண், பொறுமைசாலி. கடை மேசைக்குப் பின்னால் நின்று சிரித்துச் சிரித்தே தாடை வலித்தவர்களே, உங்களுக்கு இதெல்லாம் புதுசாக இருக்காது.

எந்தக் கப்பல்?

இந்தத் தீவில் வெங்காயம் முதல் வாஷிங் மெஷின் வரை எல்லாம் கப்பலில் வந்து இறங்குவதுதான். அதனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு குணம் வந்துவிட்டது. கண்ணெதிரே இருக்கிற சாமானை வாங்க மாட்டார்கள். அடுத்த கப்பலில் இதைவிட நல்லது வரும் என்று காத்திருப்பார்கள். இப்போது அந்தக் காத்திருப்புக்கு சாலிட் ஸ்டேட் பேட்டரி என்று பெயர். பத்து நிமிஷத்தில் சார்ஜ் ஏறுமாம், ஆயிரம் கிலோமீட்டர் ஓடுமாம், தீயே பிடிக்காதாம். இன்னும் ரெண்டே வருஷத்தில் வந்துவிடுமாம். நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் ரெண்டு வருஷம் என்றுதான் சொன்னார்கள். நாலு வருஷம் ஓடிவிட்டது. இன்னும் அதே ரெண்டு வருஷம்தான் பாக்கி.

ஒரு நாள் ஒரு துணிக்கடைக்காரர் வந்தார். காரைச் சுற்றிவந்தார், நாலு கதவையும் திறந்து மூடினார், பின்சீட்டில் கால் நீட்டிப் பார்த்தார். ஷீஜா தொண்டை வற்ற எல்லாம் சொல்லி முடித்தாள். ரெண்டாவது டீயையும் குடித்துவிட்டு அவர் கேட்டார்: "எல்லாம் டீக் ஹை மேடம். அந்த சாலிட் பேட்டரி எந்தக் கப்பல்ல வருது? பேரை மட்டும் சொல்லுங்க, கப்பல் வந்து நிக்கிற ஜெட்டியிலயே நின்னு நான் எடுத்துக்கறேன்."

சாரின் ஃபைல்

காத்திருப்பவர்களுக்கெல்லாம் தலைவர் ஒருவர் உண்டு. குட்வில் எஸ்டேட் ஏரியாவில் குடியிருக்கும் ராமலிங்கம் சார். அரசாங்கத்தில் இன்ஜினியராக இருந்து ரிட்டையர் ஆனவர். வெள்ளிக்கிழமை தவறாமல், கோவிலுக்குப் போய்விட்டு நேரே எங்களிடம் வருவார், கையில் ஒரு நீல ஃபைலோடு. உள்ளே அந்த பேட்டரியைப் பற்றிப் பேப்பரில் வந்ததெல்லாம் வெட்டி ஒட்டியிருக்கும். அவர் ஸ்கூட்டருக்குப் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து வருவது அவர் மனைவி பார்வதி அக்கா. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் நின்றே வேலை பார்த்ததில் ரெண்டு முட்டியும் போய்விட்டது.

கார் வாங்குவதாகச் சார் சொல்ல ஆரம்பித்தது எப்போதோ. முதலில் பெட்ரோல் விலை இறங்கட்டும் என்றார். பிறகு மின்சாரக் கார் வரட்டும் என்றார். அதுவும் வந்தது. இப்போது பேட்டரி வரட்டும் என்கிறார். எங்கள் ஊரில் மே மாதம் பிடிக்கிற மழை மார்கழியில்தான் விடும். அத்தனை மாதமும் அக்கா ஒரு கையில் குடை, ஒரு கையில் அர்ச்சனைக் கூடை, காலில் வலி. ஷோரூமுக்கு மட்டும் ஏன் அலுக்காமல் வருகிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். சாருக்குக் கேட்காமல் மெதுவாகச் சொன்னார்: "உங்க வாசப்படி உயரம் எனக்குச் சரியா இருக்கும்மா. இதுல நின்னாத்தான் ஸ்கூட்டர் சீட்டுல ஏறி உட்கார முடியுது."

அன்றைக்கே மனதில் போட்டுக்கொண்டேன். அடுத்த மழைக்குள் இந்த அக்கா ஒரு காருக்குள் உட்கார வேண்டும்.

மைசூர்பாகு

ஒரு வெள்ளிக்கிழமை சார் வெள்ளைத்தாளில் படம் வரைந்து அந்த பேட்டரியை விளக்கினார். ஏதோ அயனி, ஏதோ தகடு, அம்புக்குறி மேலேயும் கீழேயும். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. ஷீஜாதான் சுலபமாகச் சொன்னாள். இப்போதைய பேட்டரிக்குள் இருப்பது ரசம் மாதிரி தண்ணியான சரக்கு. புது பேட்டரியில் அதையே மைசூர்பாகு மாதிரி கெட்டியாக வைப்பார்களாம். ஆனால் ஓட ஓட அதில் விரிசல் விடாமல் இருக்க வேண்டும், எல்லாருக்கும் கட்டுப்படியாகிற மாதிரி நிறையச் செய்ய வேண்டும், அங்கேதான் இழுத்துக்கொண்டிருக்கிறது என்றாள்.

சார் "கரெக்ட்!" என்று மேசையைத் தட்டினார். பார்வதி அக்கா பிரசாதப் பொட்டலத்தை மடியில் வைத்தபடி கேட்டார்: "அப்போ இத்தனை வருஷமா அடுப்பை விட்டு இறக்காம பதம்தான் பாத்துட்டிருக்காங்களா?"

ஆயிரம் கிலோமீட்டர்

டெய்ரி ஃபார்ம் ஏரியாவிலிருந்து ஒரு கான்ட்ராக்டர் வந்தார். எங்கள் கார் முந்நூறு கிலோமீட்டர் ஓடும் என்றதும், எச்சில் டம்ளரைப் பார்ப்பதுபோல் முகத்தைச் சுளித்தார். ஆயிரம் ஓடுகிற பேட்டரிதான் வேண்டுமாம். "தினமும் எங்கே போவீங்க சார்?" என்றாள் ஷீஜா. வீட்டிலிருந்து சைட்டுக்கு, சைட்டிலிருந்து வீட்டுக்கு, ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க. எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வந்தால் அதிசயம். தெற்கே ஒரு மணி நேரம் ஓட்டினால் கடல். வடக்கே போனால் வண்டியைப் படகில் ஏற்றினால்தான் மேற்கொண்டு ரோடு. ஆயிரம் கிலோமீட்டரைக் கடலுக்குள்தான் ஓட்டித் தீர்க்க வேண்டும் என்று அவள் தன்மையாகச் சொல்லிப் பார்த்தாள்.

அவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்: "போறோமோ இல்லையோ மேடம், போகலாம்ங்கற தைரியம் வேணும்ல?"

நம்பாதவர்

வரும் என்று நம்புகிறவர்களாவது டீயோடு போய்விடுவார்கள். நம்பாதவர் டீயும் குடித்துவிட்டு எங்களைத் திட்டியும் விட்டுப் போவார். பத்துபஸ்தி ஏரியாவிலிருந்து வந்து டீசல் டாக்ஸி ஓட்டும் அப்பாராவ் அந்த ரகம். எங்கள் வாசல் மரத்தடிதான் அவர் ஸ்டாண்டு. ரசப் பேட்டரியும் பொய், மைசூர்பாகு பேட்டரியும் பொய், எல்லாம் பெரிய கம்பெனிக்காரர்கள் சேர்ந்து செய்கிற நாடகம் என்பார். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி ஒரு தீபாவளிக்கு உப்பிப்போனதிலிருந்து அவருக்கு இந்த ஞானம். போதாததற்கு, "இங்க கரண்டே டீசல் ஜெனரேட்டர்ல வருது ஆன்ட்டி, அப்ப உங்க காரும் டீசல் கார்தான்" என்பார். அதில் கொஞ்சம் உண்மை இருப்பதால் ஷீஜா பேச்சை மாற்றிவிடுவாள்.

ஒரு நாள் அரைமணி நேரம் பேட்டரியைச் சபித்து முடித்தவர், பாக்கெட்டிலிருந்து செத்துப்போன ஃபோனை எடுத்து என்னிடம் நீட்டினார்: "பேட்டரியை மட்டும் பரோஸா பண்ணாதீங்க, நம்பவே நம்பாதீங்க ஆன்ட்டி. இதைக் கொஞ்சம் சார்ஜ்ல போடுங்க."

ஊதுபத்தி

எப்போதாவது ஒரு கார் விற்கும். அன்று பூஜை போட எங்கள் தெருக்கோடிக் கோவில் பூசாரியைக் கூப்பிடுவேன். அந்தத் தடவை அவரும் ஃபோனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு வந்திருந்தார். கற்பூரத் தட்டை வாசலுக்கு வெளியிலேயே வைத்துவிட்டார். பேட்டரிக் காரின் அருகில் நெருப்பு கொண்டுவர மாட்டாராம். ஷீஜா பத்து தடவை சொல்லியும் கேட்கவில்லை. ரோட்டில் நின்றபடியே ஆரத்தி சுற்றினார், எலுமிச்சம்பழத்தை டயரை நோக்கி உருட்டிவிட்டார். ரெண்டு பழம் சாக்கடைக்குப் போனது. மூன்றாவதைக் கார் வாங்கியவரே எடுத்துப்போய் டயருக்கடியில் வைத்தார்.

தட்சணையை வாங்கிக்கொண்டு பூசாரி என்னைச் சமாதானம் செய்தார்: "வருத்தப்படாதீங்கம்மா. அந்தக் கெட்டி பேட்டரி வந்ததும் நானே பக்கத்துல வந்து கற்பூரம் காட்டறேன். அதுவரைக்கும் ஊதுபத்தி போதும்னு சாமிகிட்ட சொல்லிட்டேன்."

என் வேண்டுதல்

மாசி போய்ப் பங்குனியும் வந்துவிட்டது. சார் ஃபைல் தடித்ததே தவிர அசையவில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை. காலையில் விளக்கேற்றும்போது, "முருகா, அந்த சாலிட் ஸ்டேட்டை எப்படியாவது சீக்கிரம் அனுப்பிவிடு, மழை வருவதற்குள் அக்காவுக்குக் கார் வேண்டும்" என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டேன். பின்னால் ஷீஜா நிற்பதைக் கவனிக்கவில்லை.

அவள் கையிலிருந்த விலைப்பட்டியலைக் கீழே வைத்துவிட்டாள்: "ஆன்ட்டி, நம்ம ஷோரூம்ல, நம்ம விளக்குல, நம்ம ஸ்டாக்குக்கு எதிரா வேண்டிக்கிட்டா நான் யார்கிட்ட போய் வேண்டறது?"

எண்ணெய்க் கப்பல்

மே மாதத் தொடக்கத்தில் கடல் கெட்டுப்போய், எண்ணெய்க் கப்பல் துறைமுகத்துக்குள் வர முடியாமல் நின்றது. பெட்ரோல் பங்குகளில் வரிசை ரோடு தாண்டி வளைந்தது. கேன், பாட்டில், ஒருவர் குக்கரோடுகூட நின்றார். ஊரில் சத்தமில்லாமல் ஓடியது எங்கள் ஷோரூமின் டெமோ கார்தான். ஒரே நாளில் எங்களுக்கு இவ்வளவு சொந்தக்காரர்களா! கான்ட்ராக்டர் சைட்டுக்குப் போக அதைக் கேட்டார். அப்பாராவ் தன் சவாரியை ஏர்போர்ட்டில் விடக் கேட்டார். நாலு பேர் "நாளைக்கே புக் பண்றேன்" என்றார்கள்.

மூன்றாம் நாள் ராமலிங்கம் சார் ஃபோன் செய்தார். ஸ்கூட்டரில் பெட்ரோல் இல்லை, பார்வதிக்கு முட்டி வைத்தியத்துக்குப் போக வேண்டும். ஷீஜா ஓட்ட, துணைக்கு நானும் போனேன். அக்கா முன்சீட்டில் உட்கார்ந்தார். சேலையை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை, எம்பி ஏற வேண்டியிருக்கவில்லை. பின்சீட்டில் சார், இந்த பேட்டரி எப்படி வழக்கொழிந்துபோகும் என்று வழியெல்லாம் விளக்கிக்கொண்டு வந்தார். வைத்தியம் முடிந்து திரும்பும்போது மழை பிடித்தது. அக்கா கண்ணாடிக்கு உள்பக்கம் விரலை வைத்து, வெளியே வழிகிற தண்ணீரின்மேல் கோடு இழுத்துக்கொண்டே வந்தார். குட்வில் எஸ்டேட் திருப்பத்தில் சொன்னார்: "மெதுவாப் போம்மா ஷீஜா. வீடு வந்துடப் போகுது."

படிவம்

ஐந்தாம் நாள் எண்ணெய்க் கப்பல் உள்ளே வந்தது. நாளைக்கே புக் பண்ணுவதாகச் சொன்ன நாலு பேரும் பங்கில் டேங்கை நிரப்பிக்கொண்டு, எங்கள் வாசலைத் தாண்டும்போது எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். நான் நோட்டில் எழுதிவைத்த பெயர்களை அடிக்கக்கூட இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை சாரும் அக்காவும் தொப்பலாக நனைந்து வந்தார்கள். அக்காவால் படியேற முடியவில்லை, நானும் ஷீஜாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து ஏற்றினோம். சாரின் ஃபைல் மட்டும் பிளாஸ்டிக் கவருக்குள் ஒரு சொட்டு படாமல் இருந்தது. அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சார் புதிதாக வெட்டிய ஒரு துண்டை எடுத்து, "ஷீஜா, பாத்தியா? இன்னும் ரெண்டே வருஷம்தான்!" என்று ஆரம்பித்தார்.

அக்கா கைப்பையைத் திறந்து தன் ஆதார் கார்டையும் பென்ஷன் புத்தகத்தையும் மேசைமேல் வைத்தார். படிவம் கொடு என்று ஷீஜாவிடம் கை நீட்டினார். நர்ஸ் எழுத்து, நறுக்குத் தெறித்தாற்போல் இருந்தது. சார் பதறிப்போனார். "பார்வதி, அவசரப்படாதே! ரெண்டு வருஷத்துல இது பழசாயிடும்!"

அக்கா கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடி, நிமிர்ந்தார்: "நான் பழசாகி இருபது வருஷமாச்சு. தூக்கியா போட்டீங்க?"

கார் அடுத்த கப்பலில், நிஜமாகவே, வந்து சேர்ந்தது. இப்போது சார்தான் ஓட்டுகிறார், அக்கா முன்சீட்டில், நீல ஃபைல் பின்சீட்டில். நாலு வருஷம் இந்த மேசையில் உட்கார்ந்து பார்த்ததில், ஒரே ஒரு தடவை ஏற்றிவிட்டால் ஆயுளுக்கும் சார்ஜ் இறங்காமல் ஓடுவது, "வரட்டும், பார்க்கலாம்" என்கிற பேச்சு ஒன்றுதான்.