சுருட்டுக்காரனுக்குச் சொல்லாத கலியாணம்

காதல் கதை எழுத உட்காரும்போதெல்லாம் ஒரு சுருட்டைப் பற்றவைத்துத் தேங்காய்ச் சிரட்டையில் வைத்துவிடுவேன். புகை மூக்கில் ஏறினால்தான் எனக்கு எழுத்து வரும்.

எங்கள் ஊரான அக்கராயனில், என் எட்டு வயதில், இதே நாற்றத்தோடு பெரியப்பா கதிரையில் சாய்ந்திருந்தார். மலையகத்திலிருந்து வந்து எங்கள் வயலில் வேலை செய்த ராசுவை அக்கா விரும்பியிருந்தாள். பெண் கேட்டு வந்து நின்ற அவனிடம் பெரியப்பா வாயிலிருந்த சுருட்டை எடுத்துவிட்டுச் சொன்னார்:

"கூலிக்காரனுக்கு எங்கடை வீட்டிலை பொம்பிளை கேக்குதோ? இனி இந்தப் பக்கம் வந்தால் காலை முறிப்பன்."

ராசு போய்விட்டான். அன்று அக்கா உலையில் அரிசி போடாமலேயே வெகுநேரம் அடுப்பை எரித்தாள்.

என் கதைகளில் காதலர் எல்லாரும் சேர்ந்துவிடுவார்கள். ஊர் முழுக்கக் கலியாணத்துக்குச் சொல்வார்கள், ஒரு சுருட்டுக்காரனைத் தவிர.

நேற்றுப் பெரியப்பா வந்தார்.

"பிள்ளை, உன்ரை கதையெல்லாம் வாசிக்கிறனான். இந்த முறையாவது அந்த மனிசனுக்கும் சொல்லிவிடன்."

"அக்கா ஓம் எண்டால் சொல்லுறன், பெரியப்பா."

இன்னும் கலியாணம் கட்டாத அக்கா குசினிக்குள் அடுப்படியில்தான் இருந்தாள். அடுப்புக்குள் இன்னொரு விறகைத் தள்ளினாள்.

நான் அடுத்த கதைக்கு அடுத்த சுருட்டைப் பற்றவைத்தேன்.